கோர்ட்டில் ‘ஆமாங்க’ என்று சொன்னதைத் திரும்பப் பெற முடியுமா?

கோத்தகிரி பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய அண்ணன் காய்கறி ஏற்றும் பிக்கப் ஓட்டுபவர். போன ஐப்பசியில், மிஸ்ட் இறங்கியிருந்த ஒரு சாயங்காலம், ஈரமான வளைவில் வண்டி சறுக்கி எதிரே ஏறிவந்த ஸ்கூட்டர்மீது இடித்துவிட்டது. ஸ்கூட்டரின் பின்சீட்டில் இருந்தவருக்குக் கால் எலும்பு முறிந்தது. ஏழு வாரத்துக்கு முன்னால் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் முதல் வாய்தா. ‘ஒத்துக்கிட்டா ஃபைனோட முடிஞ்சுரும், இல்லைன்னா வருஷக்கணக்கா அலையணும்’ என்று கோர்ட் வாசலில் யாரோ சொன்னதை நம்பி, வக்கீல் இல்லாமலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டார். சாயங்காலம் வரை கோர்ட்டிலேயே உட்கார வைத்து, அபராதத்தையும் கட்டச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். இப்போது அடிபட்டவர் போட்ட இழப்பீட்டு வழக்கின் நோட்டீஸ் ஊட்டியிலிருந்து வந்திருக்கிறது. ‘அண்ணன் ஒப்புக்கொண்டதை வாபஸ் வாங்க முடியுமா?’ என்பது கேள்வி.

கேள்வி ஒன்றுதான், ஆனால் உள்ளே இரண்டு இருக்கிறது. தண்டனைத் தீர்ப்பை ரத்து செய்ய வழி உண்டா என்பது ஒன்று. அந்த ஒப்புதலை வைத்து இழப்பீட்டு வழக்கில் எங்களை மாட்டிவிடுவார்களா என்பது இன்னொன்று. நோட்டீஸ் வந்த பிறகுதான் நீங்கள் கேட்டிருக்கிறீர்கள் என்பதால், உண்மையான பயம் இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன். இரண்டுக்கும் சொல்கிறேன். நான் இந்த மலையிலேயே இருபது வருஷத்துக்கு மேல் கிரிமினல் வழக்குகளும் விபத்து வழக்குகளும் நடத்துபவன். ஆனால் உங்கள் அண்ணனின் கேஸ் கட்டை நான் பார்க்கவில்லை. அதில் இருக்கும் இரண்டு மூன்று வரியைப் பொறுத்து நான் சொல்வதில் பாதி மாறிவிடலாம்.

முதலில் ‘வாபஸ்’ என்ற சொல். அமெரிக்காவில் ஒப்புதலைத் திரும்பப் பெற என்றே விதி இருக்கிறது, அதற்குத் தனி மனு போடுவார்கள். அந்த ஊர் வீடியோக்களைப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் கேட்பவர்கள் உண்டு. நம் நடைமுறைச் சட்டத்தில், பழைய சி.ஆர்.பி.சி.யிலும் சரி, 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பி.என்.எஸ்.எஸ்.ஸிலும் சரி, அப்படி ஒரு பிரிவு கிடையாது. இருப்பது வேறு ஒன்று. குற்றத்தை ஒப்புக்கொண்டால் மாஜிஸ்திரேட் அதைப் பதிவு செய்ய வேண்டும். அதன் பேரில் தண்டிக்கலாம். ‘தண்டிக்கலாம்’தான், ‘தண்டிக்க வேண்டும்’ இல்லை. ஒப்புதல் சந்தேகமாக இருந்தால் அதை ஏற்காமல் சாட்சி விசாரணைக்குப் போகும் அதிகாரம் அவருக்கு எப்போதும் உண்டு. அதனால் தீர்ப்பில் கையெழுத்து விழும் வரை வாய்வார்த்தையாகச் சொன்னாலே போதும், மனுகூடத் தேவைப்படாது.

அப்படி ஒன்றை நேரில் பார்த்திருக்கிறேன். தேயிலை ஃபேக்டரியில் ரோலர் அறையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர் ஒருவர், அடிதடி வழக்கில் நின்றார். மிஷின் சத்தத்திலேயே காது போய்விட்ட மனுஷன். குற்றச்சாட்டை வாசித்தார்கள், தலையை ஆட்டினார். ஒப்புக்கொள்கிறீர்களா என்றார்கள், அதற்கும் ஆட்டினார். பென்ச் கிளார்க் எழுதியும் முடித்துவிட்டார். மாஜிஸ்திரேட்டுக்கு ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். அவரைப் பக்கத்தில் வரச்சொல்லி, சத்தமாக, ‘அடிச்சீங்களா பெரியவரே?’ என்று கேட்டார். ‘அடிக்கலைங்க சாமி, ரெண்டு பேரையும் விலக்கி விட்டேனுங்க’ என்றார் அவர். எழுதியதை அடித்துவிட்டு விசாரணைக்குத் தேதி போட்டார்கள். ஒரு நிமிஷ வேலைதான். அதே மனிதர் அபராதம் கட்டி வீட்டுக்குப் போய்விட்டு மறுநாள் வந்திருந்தால் அந்த மாஜிஸ்திரேட்டாலேயே ஒன்றும் செய்திருக்க முடியாது. கையெழுத்திட்ட தீர்ப்பை, எழுத்துப் பிழை, கணக்குப் பிழை தவிர, அந்தக் கோர்ட்டே திருத்தக் கூடாது என்று பி.என்.எஸ்.எஸ். 403-ஆம் பிரிவு சொல்கிறது.

உங்கள் அண்ணன் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டார். ஆகவே அதே கோர்ட்டில் போய் வாபஸ் மனு போடலாம் என்று யாராவது சொன்னால் அதற்குப் பணம் கொடுக்க வேண்டாம். மேலே போகத்தான் வழி. அதில் அப்பீலுக்கு ஒரு தடை இருக்கிறது: குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றவர், தண்டனையின் அளவையும் அதன் சட்டத்தன்மையையும் பற்றி மட்டும்தான் மேல்முறையீடு செய்யலாம் (416-ஆம் பிரிவு). ‘நான் குற்றவாளியே இல்லை’ என்று அப்பீலில் வாதாட முடியாது. அதற்கு உள்ள கதவு சீராய்வு மனு. கீழ்க்கோர்ட்டின் நடைமுறை சரியாக இருந்ததா, அந்த ஒப்புதல் சட்டத்தின் கண்ணில் ஒப்புதல்தானா என்று செஷன்ஸ் கோர்ட்டோ ஹைகோர்ட்டோ பார்க்கும். நீலகிரிக்காரர்களுக்கு ஊட்டி செஷன்ஸ், அல்லது சென்னை ஹைகோர்ட். (கொடைக்கானல் பக்கம் இதே சிக்கலில் யாராவது இருந்தால் அவர்களுக்குத் திண்டுக்கல், அப்புறம் மதுரைக் கிளை.) இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம். ஊட்டியில் தோற்றுவிட்டு மறுபடியும் சீராய்வு என்று சென்னைக்குப் போக முடியாது. சீராய்வுக்குக் கெடு 90 நாள். உங்களுக்கு இன்னும் நாற்பது நாள் இருக்கிறது. அபராதம் கட்டிவிட்டது இதற்குத் தடையில்லை.

சரி, சீராய்வில் எதைச் சொல்லி ஜெயிப்பது? ‘வருத்தப்படுகிறேன், தெரியாமல் சொல்லிவிட்டேன்’ என்பது மட்டும் போதாது. அன்றைக்குக் கோர்ட்டில் என்ன கேட்டார்கள், அண்ணன் என்ன பதில் சொன்னார், அது எப்படி எழுதப்பட்டது என்பதில்தான் வழக்கே இருக்கிறது. உங்கள் அண்ணனிடம் உட்கார்ந்து கேளுங்கள், அன்றைக்கு வாயிலிருந்து வந்த சொல் எது என்று. ‘ஆமாங்க ஐயா, நான்தான் இடிச்சேன்’ என்று சொல்லியிருந்தால், என் பார்வையில் அவர் குற்றத்தையே ஒப்புக்கொள்ளவில்லை. மோதலை ஒப்புக்கொண்டார், அவ்வளவுதான். இடிப்பது குற்றமில்லை, கண்மூடித்தனமாகவோ அஜாக்கிரதையாகவோ ஓட்டி இடிப்பதுதான் குற்றம். ‘மிஸ்ட்ல ஒண்ணும் தெரியலைங்க, பிரேக் போட்டேன், சறுக்கிருச்சுங்க’ என்று ஒரு டிரைவர் சொன்னால் அது ஒப்புதல் இல்லை, எதிர்வாதம். அதைப் போய் ‘குற்றத்தை ஒப்புக்கொண்டார்’ என்று ஒரே வரியில் அச்சடித்த தாளில் நிரப்புவது மலையிலும் நடக்கிறது, சமவெளியிலும் நடக்கிறது.

இதற்குப் பழைய பலமான தீர்ப்பு ஒன்று உண்டு, அதுவும் நம் மாநிலத்திலிருந்து போனது. மகந்த் கௌசல்யா தாஸ் எதிர் மெட்ராஸ் மாநிலம் என்று 1966-ஆம் வருடத் தீர்ப்புத் திரட்டில் இருக்கிறது. ஒப்புதலை முடிந்தவரை குற்றம் சாட்டப்பட்டவரின் சொந்த வார்த்தைகளிலேயே எழுத வேண்டும் என்ற விதி கட்டாயமானது, மீறினால் விசாரணையே கெட்டுப்போகும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. ‘சொந்த வார்த்தைகளில்’ என்ற தொடர் சம்மன்ஸ் வழக்குகளுக்கான, அதாவது 2 வருஷத்துக்கு மேல் சிறை இல்லாத சிறு வழக்குகளுக்கான, பிரிவில்தான் வருகிறது. முன்பு ஐ.பி.சி. என்ற பழைய தண்டனைச் சட்டத்தின் 338-இன் கீழ், அஜாக்கிரதையால் கொடுங்காயம் என்றால் அதிகபட்சம் 2 வருஷம்; அதனால் அது சம்மன்ஸ் வழக்கு. அதற்குப் பதிலாக வந்த புதிய தண்டனைச் சட்டமான பி.என்.எஸ்.ஸில் அதே குற்றம் 125(பி). தண்டனை 3 வருஷம் வரை. 2 வருஷத்தைத் தாண்டியதால் அது வாரண்ட் வழக்காகிவிட்டது. எலும்பு முறிவு கொடுங்காயம்தான் என்பதால் உங்கள் அண்ணன்மீது பெரும்பாலும் இந்தப் பிரிவைத்தான் போட்டிருப்பார்கள். வாரண்ட் வழக்கில் ‘சொந்த வார்த்தைகள்’ என்ற சொல் இல்லை, ஆனால் அதைவிடக் கனமான கடமைகள் இருக்கின்றன: குற்றப்பத்திரிகையின் நகல்களைக் கொடுக்க வேண்டும், குற்றச்சாட்டை எழுத்தில் வனைய வேண்டும், அதை வாசித்து விளக்க வேண்டும், அதன் பிறகே ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்க வேண்டும். பழைய பழக்கத்தில் சம்மன்ஸ் வழக்கு மாதிரியே முடித்திருந்தால், அது உங்களுக்குக் கிடைக்கும் மிக நல்ல வாதம். வாதம் என்றுதான் சொல்கிறேன், வெற்றி என்று சொல்லவில்லை. சரிசெய்யக்கூடிய குறை, அதனால் அநீதி ஒன்றும் நேரவில்லை என்று எதிர்த்தரப்பு வாதாடும், அதை ஏற்கும் நீதிபதிகளும் உண்டு.

வக்கீல் இல்லாமல் நின்றது அடுத்த விஷயம். 1986-இல் சுக் தாஸ் வழக்கில், ஏழைக்கு இலவசச் சட்ட உதவி கேட்க உரிமை இருக்கிறது என்று கோர்ட்டே எடுத்துச் சொல்லாமல் விசாரித்துத் தண்டித்ததை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அவர் கேட்கவில்லையே என்பது பதிலாகாது என்றார்கள். அங்கே சாட்சிகளை விசாரித்துத் தண்டித்தார்கள், இங்கே ஒப்புதல். அந்த வித்தியாசத்தை மறைக்காமல் சொல்லிவிட்டுத்தான் இதை எடுத்துவைக்க வேண்டும்.

‘ஃபைனோடு முடியும்’ என்ற வாக்கு பற்றி. மறைமுக பேரத்தில் வாங்கிய ஒப்புதலை வைத்துத் தண்டிப்பது அரசமைப்புக்கு விரோதம் என்று 1980-இல் காசம்பாய் வழக்கில் சொல்லியிருக்கிறார்கள். 1983-இல் திப்பேசுவாமி வழக்கில், லேசான தண்டனை என்று ஆசைகாட்டி ஒப்புக்கொள்ள வைத்துவிட்டு, அப்பீலில் தண்டனையைக் கூட்டுவது தகாது என்றார்கள். ஆனால் இவற்றை வைத்து நீங்கள் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். வாசலில் நின்ற யாரோ சொன்னது வேறு, வழக்கு நடத்தும் தரப்பு சொன்னது வேறு. யார் சொன்னார்கள் என்பதை நிரூபிக்க முடியாமல் குற்றம் மட்டும் சாட்டினால் மனுவே பலவீனமாகிவிடும். இன்னொன்று, உங்களிடம் சொன்னபடி ஃபைனோடு மட்டும் முடியவும் இல்லை. சாயங்காலம் வரை உட்கார வைத்தார்களே, அது ‘கோர்ட் கலையும் வரை சிறை’. காகிதத்தில் அது சிறைத்தண்டனைதான். நிறையப் பேருக்கு இது தெரியாது, வேலைக்கான போலீஸ் சரிபார்ப்புப் படிவத்தில் ‘இல்லை’ என்று நிரப்பிவிட்டு அப்புறம் திண்டாடுவார்கள்.

இதில் எனக்கு ஒரு ஆதங்கம். குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனையைக் குறைத்துக்கொள்ளும் சட்டப்படியான பேரம் என்றே ஒன்று 2006-லிருந்து இருக்கிறது, இன்றைக்குப் பி.என்.எஸ்.எஸ். 289 முதல் 300 வரை. 7 வருஷத்துக்கு உட்பட்ட குற்றங்களுக்கு, குற்றச்சாட்டு வனைந்த 30 நாளுக்குள் மனு போட்டால், நீதிபதி தனியறையில் கூப்பிட்டு ‘நீயாகத்தான் கேட்கிறாயா’ என்று விசாரிப்பார், அடிபட்டவருக்கான இழப்பீடும் அதிலேயே பேசப்படும், அந்த மனுவில் சொன்னதை வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது என்று சட்டமே தடுக்கிறது. உங்கள் அண்ணனுக்குத் தேவைப்பட்டது இதுதான். வாசலில் ஆலோசனை சொன்னவருக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

இனி இழப்பீட்டு வழக்கு. இங்கே நீங்கள் பயப்படும் அளவுக்கு ஒன்றுமில்லை என்பது என் கணிப்பு. கிரிமினல் கோர்ட்டின் ஒப்புதலைத் தீர்ப்பாயத்தில் அடிபட்டவர் தரப்பு நிச்சயம் தாக்கல் செய்யும், அதற்கு எடையும் இருக்கும். ஆனால் ஒப்புதல் முடிவான நிரூபணம் ஆகாது என்று சாட்சியச் சட்டமே சொல்கிறது. பழைய சட்டத்தில் 31-ஆம் பிரிவு, இப்போது 25. எந்தச் சூழ்நிலையில் சொன்னேன் என்று கூண்டில் ஏறி விளக்கலாம். ஸ்கூட்டர் எந்தப் பக்கம் வந்தது, எவ்வளவு வேகம் என்பதையும் தீர்ப்பாயம் தனியாகப் பார்க்கும். ஆனால் உங்கள் பக்கம் பலவீனமான ஒரு இடத்தையும் சொல்லிவிடுகிறேன். மிஸ்ட் இருந்தது என்றால் வேகத்தைக் குறைத்திருக்க வேண்டாமா என்றுதான் முதல் கேள்வி வரும். அப்புறம், மலைப்பாதையில் ஏறிவரும் வண்டிக்கு இறங்கும் வண்டிதான் நின்று வழிவிட வேண்டும் என்பது நம்மூர் டிரைவர்கள் எல்லாருக்கும் தெரிந்த விதி. நீங்கள் எழுதியதிலிருந்து அண்ணன் இறங்கிக்கொண்டிருந்தார் என்று தெரிகிறது.

அதைவிட முக்கியமான கேள்வி, அன்றைக்கு வண்டிக்கு இன்சூரன்ஸ் உயிரோடு இருந்ததா, அண்ணனின் லைசென்ஸ் செல்லுபடியானதா என்பதுதான். இரண்டும் சரி என்றால் பணம் கொடுக்க வேண்டியது இன்சூரன்ஸ் கம்பெனி. அண்ணன் அஜாக்கிரதை என்று முடிவானாலும் அதேதான். மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் இருப்பதே அதற்காகத்தான். பேட்ஜ் இல்லையே என்று பயந்தால் அதற்கும் பதில் இருக்கிறது: மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை சாதாரண எல்.எம்.வி. (இலகுரக வாகன) லைசென்ஸில் ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு உறுதி செய்துவிட்டது. இன்சூரன்ஸ் காலாவதியாகியிருந்தால் மட்டும் கதை வேறு. அப்போது வண்டி உரிமையாளர் தலையிலும் ஓட்டியவர் தலையிலும்தான் விழும், ஒப்புதலை உடைப்பதற்கு அப்போது உண்மையிலேயே விலை இருக்கிறது. எப்படியானாலும் நோட்டீஸை மேசை டிராயரில் போட்டுவிடாதீர்கள். தேதிக்கு ஆஜராகாவிட்டால் ஒருதலைப்பட்சமாக முடித்துவிடுவார்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு இன்றைக்கே நகல் அனுப்புங்கள்.

ஆக, சீராய்வுக்குப் போகலாமா? ஜெயித்தால் என்ன ஆகும் என்பதை யோசியுங்கள். வழக்கு அண்ணனைவிட்டுப் போய்விடாது. தீர்ப்பு ரத்தாகி, மறுபடியும் அதே கோர்ட்டுக்கு, முதலிலிருந்து வரும். சாட்சிகள் வருவார்கள், வாய்தாக்கள் ஓடும், கடைசியில் குற்றம் நிரூபணமானால் இந்த முறை கோர்ட் கலையும் வரை என்று நிற்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இன்சூரன்ஸ் சரியாக இருந்து, அண்ணனுக்கு அரசு வேலை, வெளிநாடு போன்ற திட்டம் எதுவும் இல்லை என்றால், நானாக இருந்தால் இதைக் கிளற மாட்டேன். தண்டனை பெற்றவர் என்ற பெயர்தான் உறுத்துகிறது என்றால் நடுவில் ஒரு வழி இருக்கிறது. தண்டனை பற்றி மட்டும் அப்பீல் போட்டு, 1958-ஆம் வருட நன்னடத்தைச் சட்டத்தின் கீழ் நன்னடத்தைப் பிணையில் விடக் கேட்கலாம். அப்படிக் கிடைத்தால், தண்டனையால் வரும் தகுதியிழப்பு ஒட்டாது என்று அதன் 12-ஆம் பிரிவு சொல்கிறது. சாலை விபத்து வழக்குகளில் இதைக் கொடுக்க நீதிபதிகள் தயங்குவார்கள். உயிரிழப்பு நேர்ந்த வழக்கில் கூடாது என்று 2000-இல் தல்பீர் சிங் தீர்ப்பே இருக்கிறது. உங்களுடையது காயம் மட்டும் என்பதால் கேட்டுப் பார்க்கலாம். அப்பீலுக்குக் கெடு 30 நாள், அது தாண்டிவிட்டது. தாமதத்தை மன்னிக்கக் கேட்டு மனுவும் சேர்த்துப் போட வேண்டும். தீர்ப்பு நகலுக்காகக் காத்திருந்த நாட்கள் கணக்கில் வராது.

எந்த வழியானாலும் முதல் வேலை ஒன்றுதான். திங்கட்கிழமை காலையில் கோர்ட் நகல் பிரிவில் மனு போட்டு, தீர்ப்பு, எழுத்தில் வனைந்த குற்றச்சாட்டு, ஒப்புதலைப் பதிவு செய்த தாள், அன்றைய தேதிக்கான வழக்குக் குறிப்பு நான்குக்கும் சான்றிட்ட நகல் கேளுங்கள். தீர்ப்பு நகல் மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்கள் பலர், அதில் பெரும்பாலும் விஷயமே இருக்காது. வக்கீலுக்குச் செலவழிக்க வசதியில்லை என்றால் ஊட்டியில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, 15100 என்ற எண்ணிலும் கூப்பிடலாம். நகல் கிடைத்ததும் ஒப்புதல் தாளை எடுத்துப் பாருங்கள். அச்சடித்த வரியில் பெயர் மட்டும் பேனாவில் நிரப்பியிருக்கிறதா, ‘இடித்துவிட்டேன்’ என்று இருக்கிறதா, ‘அஜாக்கிரதையாக ஓட்டினேன்’ என்றே இருக்கிறதா என்பதைப் பார்த்து, பெயர்களை மறைத்துவிட்டு அந்த வரிகளை மட்டும் இங்கே எழுதுங்கள். மேற்கொண்டு என்னால் சொல்ல முடிந்ததைச் சொல்கிறேன்.